உருகிக் காக்கும் உலோகம்

சமுத்திர மட்டத்திற்குச் சுமார் 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டிலும், மஞ்சக்குட்டை முதலிய சேர்வராயன் மலையூர்களிலும், தண்ணீர் 100 டிகிரியை எட்டுமுன்பே கொதித்துவிடுவதால் பருப்பு வேகத் தாமதமாகும். ஆகவே பிரஷர் குக்கர் அங்குள்ள சமையலறைக்குப் பெரிய உபகாரி.

குக்கர் மூடியில், வெயிட் வைக்கும் குழாய்க்குச் சற்றுத் தள்ளி, ஒரு சிறு திருகு இருக்கும். அதன் நடுத் துவாரத்தை அடைத்து நிற்பது எளிதில் உருகும் உலோகக் கலவை. பருப்பு நுரை குழாயை அடைத்தாலோ, நீர் வற்றிப் பாத்திரம் வெறுமனே காய்ந்தாலோ, உஷ்ணம் எல்லை மீறியதும் அக்கலவை உருகி நீராவிக்கு வழிவிடுவதால், வெடிக்கும் அபாயம் நீங்குகிறது. உருகிய திருகுக்குப் பதிலாக அதே கம்பெனியின் புதுத் திருகையே மாட்ட வேண்டும்; ஆணி முறுக்கி அடைப்பது பிராணாபத்து.

எளிதில் உருகும் கலவைகளில் விந்தை என்னவெனில், 232 டிகிரியில் உருகும் வெள்ளீயத்தையும் 327 டிகிரியில் உருகும் காரீயத்தையும் 63க்கு 37 என்னும் விகிதத்தில் சேர்த்தால், கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது! வானொலிப் பெட்டிக்குள் கம்பிகளைப் பற்றவைக்க நெடுங்காலம் உதவியது இவ்வினக் கலவையே. பிஸ்மத்தும் காட்மியமும் உடன் சேர்ந்த 'உட்' உலோகமோ சுமார் 70 டிகிரியில் இளகும். மெல்லிய குழாயை நசுங்காமல் வளைக்க விரும்பும் தொழிலாளர், இத்தகைய கலவையை உள்ளே வார்த்து இறுகவிட்டு, வளைத்தபின் வெந்நீரில் அமிழ்த்தி வடித்துவிடுகிறார்கள்.