நாமும் நாங்களும்: குழுவின் எழுதப்படாத விதிகள்

நிறுவனங்களில் மனிதரும் குழுக்களும் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதை ஆராயும் துறையை நிறுவன நடத்தையியல் என்கிறோம். ஒருவர் செய்ய வேண்டியதை விதிநூல் சொல்லும். அவர் உண்மையில் செய்வதைப் பெரும்பாலும் அவருடைய குழுவே வரையறுக்கிறது. இதனை உணர்த்திய ஆய்வொன்றை இங்கு நோக்குவோம்.

அமெரிக்காவின் சிக்காகோ நகருக்கு அருகே, வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை பல ஆய்வுகள் நடைபெற்றன. அவற்றுள் இறுதியானது 1931 நவம்பரில் தொடங்கியது. தொலைபேசி இணைப்பகக் கருவிகளில் கம்பி பொருத்துவோர் 9 பேர், பற்றவைப்போர் 3 பேர், சோதிப்போர் 2 பேர் எனப் பதினால்வர் ஒரு தனியறையில் பணியாற்றினர். ஆய்வாளர் ஒருவர் உடனிருந்து கவனித்தார்.

ஊதியம் கூட்டு உற்பத்தியைச் சார்ந்திருந்தது. ஆகவே அனைவரும் முனைந்து உழைப்பர் என நிர்வாகம் எதிர்பார்த்தது. தொழிலாளரோ தமக்குள் ஓர் அளவை வகுத்துக்கொண்டு அதனைக் கடவாதிருந்தனர். உற்பத்தி கூடினால் கூலி விகிதம் குறையும், சிலர் வேலையிழப்பர் என அஞ்சினர். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் எழுந்த அவ்வச்சத்தைச் சோம்பல் என ஒதுக்கிவிட இயலாது.

மொழி பயில்வோர் இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அவ்விதி எங்கும் எழுதப்படவில்லை, வசைப்பெயர்களில் வழங்கியது. மிகுதியாகச் செய்தவன் கூலியைக் கெடுப்பவன். குறைத்துச் செய்தவன் ஏய்ப்பவன். மேலாளரிடம் உரைத்தவன் காட்டிக்கொடுப்பவன். கேலியும் கையில் விழுந்த குத்தும் மீறியவரை வழிக்குக் கொணர்ந்தன.

தமிழில் குழுவின் எல்லையைக் காட்ட இலக்கணமே இடந்தருகிறது. 'நாம்' கேட்போரை உளப்படுத்தும், 'நாங்கள்' விலக்கும். மலாய் மொழியும் 'கித்தா', 'காமி' என இவ்வேறுபாட்டைப் பேணுகிறது. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல்தான்.

ஆசிரியர் கூட்டமொன்றில் புதிதாக வந்தவர் ஒரு மாற்றத்தை முன்மொழிகிறார் எனக் கொள்வோம். "நாங்கள் இங்கே இப்படித்தான் செய்வோம்" என்பது விடையானால், கருத்தை ஆராயுமுன்பே அவரை வெளியே நிறுத்திவிடுகிறோம். அடுத்த கூட்டத்தில் அவர் வாய் திறவாதபோது, அதனை அவருடைய கூச்சம் என்கிறோம். மாணவர் குழுப்பணியிலும், முந்திச் செய்பவருக்குப் பட்டப்பெயர் சூட்டும்போது இதுவே நிகழ்கிறது.

எனினும், சொல்லை மட்டும் மாற்றிப் பயனில்லை. முடிவைத் தாமே எடுத்துவிட்டு 'நாம்' எனப் பேசும் தலைவரைக் குழு எளிதில் இனங்கண்டுகொள்ளும். ஒரு குழு மாற்றத்தை மறுக்கும்போது, அது எதற்கு அஞ்சுகிறது என முதலில் கேட்டறிய வேண்டும். அவ்வச்சத்திற்கு விடைகண்ட பின்னரே 'நாம்' என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டாகும்.