பொத்தானின் அகலம் யார் கையில்?

பினாங்கின் ஜுரு டோல் சாவடிக்கு முன்னால் வண்டிகள் தேங்கி நிற்கும் மாலை வேளை. முன் இருக்கையில் இருப்பவர் கைப்பேசியை நிமிர்ந்த நிலையிலிருந்து கிடையாகத் திருப்புகிறார். 360 அலகு அகலமாக இருந்த திரை 800 அலகு அகலமாகிறது. தலைப்பு நீள்கிறது, அடியில் இருந்த இரண்டு பொத்தான்களும் சரிசமமாக விரிகின்றன. எதுவும் எதன்மேலும் ஏறவில்லை, எதுவும் விளிம்புக்கு வெளியே விழவில்லை. பல கைப்பேசித் திரைகள் நொடிக்கு 60 முறை தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன. அப்படியானால் ஒரு காட்சியைத் தயாரிக்கக் கிடைக்கும் அவகாசம் சுமார் 16.7 மில்லிநொடிதான். கண் ஒருமுறை இமைப்பதற்குள் ஐந்தாறு காட்சிகளாவது கடந்துவிடும். அந்த இடைவெளியில் கைப்பேசி ஒரு கணக்கைப் போட்டு, விடை கண்டு, அதன்படி வரைந்தும் முடித்துவிடுகிறது.

அலகு என்று சொன்னதை முதலில் விளக்கிவிடுகிறேன். ஒரே அளவுள்ள இரண்டு கைப்பேசிகளில் ஒன்றின் திரைப்புள்ளிகள் மற்றதைவிட இரண்டு மடங்கு நெருக்கமாக இருக்கலாம். புள்ளிகளை எண்ணி அளந்தால் அதே பொத்தான் ஒன்றில் பெரிதாகவும் மற்றதில் பாதியாகவும் தெரியும். அதனால் ஆண்ட்ராய்டு தனக்கென ஓர் அலகை வைத்திருக்கிறது: ஓர் அங்குலத்தில் 160இல் ஒரு பங்கு. விரலால் தொட வேண்டிய எதுவும் 48 அலகுக்குக் குறையக் கூடாது என்பது கூகுளின் வழிகாட்டல். கணக்கிட்டால் முக்கால் சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது.

திரை ஒரே அளவில் இருந்த காலத்தில் வேலை எளிது. இடமிருந்து 16, மேலிருந்து 400, அகலம் 160 என்று எழுதி வைத்தால் போதும். இப்போது திரைகள் நூறு விதம், மொழிகள் பல, எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்களும் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அளவு எழுத எவராலும் முடியாது.

இதற்குக் கண்டுபிடித்த வழி, அளவைச் சொல்வதை விட்டுவிட்டு உறவைச் சொல்வது. கல்யாண மண்டபத்தில் குடும்பப் படம் எடுப்பவரைப் பாருங்கள். “அம்மா, நீங்க பொண்ணுக்குப் பக்கத்துல வாங்க. மாமா, அவங்களுக்கு அந்தப் பக்கம். தம்பிங்க எல்லாம் பின்னால, ஒரே இடைவெளியில நில்லுங்க.” அவர் அளவுநாடாவைத் தொடுவதில்லை. யார் யாருக்குப் பக்கத்தில் என்பதைத்தான் சொல்கிறார். மேடை அகலமோ குறுகலோ, அதே சொற்கள் செல்லும். திரையில் இத்தகைய உறவுகளை மென்பொருள் எழுதுவோர் ‘கன்ஸ்ட்ரெயின்ட்’ என்கிறார்கள். தமிழில் கட்டுப்பாடு என்று வைத்துக்கொள்வோம்.

ஒவ்வொரு கட்டுப்பாடும் பள்ளியில் படித்த சமன்பாடுதான். இரண்டு பொத்தான்கள் அருகருகே நிற்கின்றன. இடது ஓரத்தில் 16, நடுவில் 8, வலது ஓரத்தில் 16 அலகு இடைவெளி வேண்டும். இரண்டும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். திரை 360 என்றால் இடைவெளிகளுக்கு 40 போக மீதி 320, ஆளுக்கு 160. திரையைத் திருப்பி 800 ஆக்கினால் ஆளுக்கு 380. பொத்தானின் அகலம் இத்தனை என்று எந்த வரியிலும் எழுதப்படவில்லை. உறவுகளை மட்டும் கொடுத்தோம், அளவு தானாக வெளிவந்தது.

இந்த யோசனைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லண்ட் தம் முனைவர் பட்ட ஆய்வாக ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற மென்பொருளைப் படைத்தார். டிஎக்ஸ்-2 என்ற கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் கோணல்மாணலாகச் சில கோடுகளை இழுத்துவிட்டு, இவை இணையாக இருக்கட்டும், இவை ஒரே நீளமாக இருக்கட்டும் என்று அவர் கட்டளையிடுவார். கோடுகள் நகர்ந்து நிமிர்ந்து ஒழுங்காகிவிடும். கணினி என்றாலே துளையிட்ட அட்டைகள் என்றிருந்த காலத்தில், அதனிடம் விருப்பத்தைச் சொல்லிவிட்டு அளவை அதன் பொறுப்பில் விடலாம் என்று ஒருவர் நினைத்தது எனக்கு இன்றும் வியப்பு.

மீண்டும் நம் பொத்தான்களுக்கு வருவோம். இதுவரை அவற்றின்மேல் எழுத்து இல்லை. இடது பொத்தானில் ‘ரத்து செய்’, வலது பொத்தானில் ‘மாற்றங்களைச் சேமி’ என்று எழுதுவோம். முதலாவதற்கு ஓர விளிம்புகளும் சேர்த்துக் குறைந்தது 120 அலகும், இரண்டாவதற்குக் குறைந்தது 190 அலகும் தேவை என்று கொள்வோம். இவை சமன்பாடுகள் இல்லை. ‘இதற்குக் குறையாமல்’ என்று சொல்லும் சமனிலிகள். உடனே ஒரு சிக்கல் எழுகிறது. இரண்டும் சமமாகவும் இருக்க வேண்டும், இரண்டாவதற்கு 190உம் வேண்டும் என்றால் மொத்தம் 420 அலகு ஆகும். நம்மிடம் இருப்பதோ 360.

எல்லா விருப்பங்களும் ஒருங்கே நிறைவேறாதபோது எதை விட்டுக்கொடுப்பது? இதற்காகத்தான் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் முன்னுரிமை எண் ஒன்று தருகிறார்கள். ஆப்பிளின் முறையில் அது 1 முதல் 1000 வரை போகும். 1000 என்றால் மீறவே கூடாது. எழுத்து நசுங்காமல் இருக்க வேண்டும் என்பதற்கு வழக்கமாக 750. நம் ‘சம அகலம்’ என்ற ஆசைக்கு 500 கொடுப்போம். இப்போது விடை தெளிவு: வலது பொத்தான் 190, மீதி 130 இடது பொத்தானுக்கு. சமம் என்பது கெட்டது. ஆனால் கண்மூடித்தனமாகக் கெடவில்லை. வேறுபாடு 60 அலகு, இந்தச் சூழலில் அதைவிடக் குறைக்கவே முடியாது. நிறைவேறாத ஆசையையும் எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்குவது இந்த முறையின் அழகு.

திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்கிப் பார்த்தால் இன்னொன்று தெரியவரும். 360இலிருந்து 420 வரை வலது பொத்தான் அசையாமல் 190இலேயே நிற்கும். இடது பொத்தான் மட்டும் வளர்ந்து அதை எட்டிப் பிடிக்கும். 420ஐத் தாண்டியதும் இரண்டும் கைகோத்து வளரும். ‘420 வரை இப்படி, அதற்குமேல் அப்படி’ என்று யாரும் நிரலில் எழுதி வைக்கவில்லை. நாலைந்து எளிய உறவுகளுக்குள் அந்த நடத்தை ஏற்கெனவே ஒளிந்திருந்தது.

சரி, அந்த 190 எங்கிருந்து வந்தது? ‘மாற்றங்களைச் சேமி’ என்பதில் கண்ணுக்குத் தெரிவது 9 எழுத்து. நினைவகத்திலோ நடு இடைவெளியும் சேர்த்து 17 குறியீடுகள் இருக்கின்றன. யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதுதான் காரணம். ‘மொழி’ இன்னும் சுவையானது. ‘ம’வுக்குப் பின்னால் ஒகரக் குறி ஒரே குறியீடாகச் சேமிக்கப்படுகிறது. வரையும்போது அது இரண்டாகப் பிளந்து, கொம்பு ‘ம’வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்கிறது. ஆகவே எழுத்துகளை எண்ணி அகலம் காண முடியாது. எழுத்துகளைக் கோத்து உருவம் தரும் ஒரு தனி மென்பொருள் முதலில் ஓட வேண்டும். ஆண்ட்ராய்டில் ‘ஹார்ஃப்பஸ்’ இந்த வேலையைச் செய்கிறது. அது எழுத்துருவைத் திறந்து, ஒவ்வோர் உருவமும் எவ்வளவு இடம் பிடிக்கும் என்ற அட்டவணையைப் பார்த்து, கூட்டிச் சொன்ன பிறகுதான் 190 என்ற எண் நம் சமனிலிக்குள் நுழைகிறது.

இத்தகைய அட்டவணைகளை மனிதர்கள் உட்கார்ந்து வடித்திருக்கிறார்கள். பினாங்குப் பாலம் திறந்த 1985ஆம் ஆண்டிலேயே மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ என்ற தமிழ் மென்பொருளின் பயணத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் அவர் வடித்த தமிழ் எழுத்துருக்கள் ஆப்பிள் கணினிகளிலும் ஐபோன்களிலும் இடம்பெற்றன. ‘தமிழ் சங்கம் எம்.என்.’ என்ற பெயரில் உள்ள எம்.என். அவருடைய முதலெழுத்துகள்தாம். ‘ளை’ எத்தனை அகலம், ‘மி’யின் விசிறி எவ்வளவு உயரம் என்று அவர் எடுத்த முடிவுகள், உலகின் ஏதோ ஒரு மூலையில் ஓர் ஐபோன் தமிழ்ப் பொத்தான் ஒன்றை அளக்கும்போது சமன்பாட்டுக்குள் எண்களாக வந்து உட்காருகின்றன.

இரண்டு பொத்தான் என்றால் நாமே மனக்கணக்காகப் போட்டுவிடலாம். ஒரு சாதாரணச் செயலியின் திரையில் படம், தலைப்பு, பட்டியல், சின்னம் என்று எல்லாம் சேர்ந்து நூற்றுக்கணக்கான கட்டுப்பாடுகள் வந்துவிடும். அவற்றைத் தீர்க்கும் கருவி 1947இல் பிறந்தது. அமெரிக்க விமானப்படையின் திட்டமிடல் பணிக்காக ஜார்ஜ் டான்ட்சிக் உருவாக்கிய ‘சிம்ப்ளெக்ஸ்’ முறை அது. சமனிலிகள் எல்லாம் சேர்ந்து, பல முகங்கள் கொண்ட ஒரு வடிவத்தை அமைக்கின்றன. அனுமதிக்கப்பட்ட விடைகள் எல்லாம் அதற்குள் அடங்கும். மிகச் சிறந்த விடை ஒன்று இருக்குமானால் அதன் ஏதாவதொரு மூலையில் கட்டாயம் கிடைக்கும். ஆகவே உள்ளே முழுக்கத் தேட வேண்டாம். ஒரு மூலையில் நின்று, அதைவிட மேலான பக்கத்து மூலைக்கு நடந்து, அங்கிருந்து அடுத்ததற்கு நடந்து, இனி மேலானது இல்லை என்ற இடத்தில் நின்றால் போதும்.

ஆனாலும் விரல் நகரும் ஒவ்வொரு கணமும் முதல் மூலையிலிருந்து நடந்தால் 16.7 மில்லிநொடி போதாமல் போகலாம். இதைத் தீர்த்தவர்கள் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் போர்னிங், கிரெக் பட்ரோஸ் ஆகியோரும், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்தைச் சேர்ந்த பீட்டர் ஸ்டக்கி, கிம் மேரியட் ஆகியோரும். 1990களின் பிற்பகுதியில் அவர்கள் வடிவமைத்த வழிமுறைக்கு ‘கசோவரி’ என்று பெயர். நியூ கினியிலும் ஆஸ்திரேலியாவின் வடக்கிலும் வாழும் பறக்காத பெரிய பறவையின் பெயர் அது. கசோவரி போன தடவை நின்ற மூலையை நினைவில் வைத்திருக்கும். திரையின் அகலம் 360இலிருந்து 361 ஆனால், முழுக் கணக்கையும் கலைக்காமல் அந்த ஒரு மாற்றத்தின் விளைவை மட்டும் திருத்தும். பல சமயம் ஒரே ஓர் அடி எடுத்து வைப்பதோடு வேலை முடிந்துவிடும். வலிமை குறைந்த ஆசைகள் ஆயிரம் ஒன்றுசேர்ந்தாலும் வலிமை மிகுந்த ஒன்றைத் தோற்கடிக்க முடியாது என்ற ஒழுங்கையும் அது காப்பாற்றுகிறது.

ஆய்விதழ்களில் இருந்த இந்தப் பறவை 2011இல் ஆப்பிளின் மேக் கணினிகளுக்கும், 2012இல் ஐபோனுக்கும் ‘ஆட்டோ லேஅவுட்’ என்ற பெயரில் வந்து சேர்ந்தது. அந்த 2012இல்தான் ஐபோன் முதன்முறையாக உயரத்தில் வளர்ந்தது. ஆப்பிளின் அலகில் 480ஆக இருந்த திரை 568 ஆனது. ஆண்ட்ராய்டுக்கு இதே வழி ‘கன்ஸ்ட்ரெயின்ட் லேஅவுட்’ என்று 2016இல் அறிவிக்கப்பட்டது.

பினாங்கில் இருப்பவருக்கு இதில் இன்னொரு நயம் எளிதில் பிடிபடும். இங்கே சாலையோரப் பலகைகளில் ரோமன், சீன, தமிழ் எழுத்துகளோடு, வலமிருந்து இடமாக ஓடும் ஜாவியும் தென்படும். கட்டுப்பாடுகளை எழுதும்போது இடது, வலது என்று சொல்லாமல் ‘தொடக்க விளிம்பு’, ‘முடிவு விளிம்பு’ என்று சொல்லுமாறு ஆப்பிளும் கூகுளும் வற்புறுத்துகின்றன. வலமிருந்து எழுதும் மொழியைத் தேர்ந்தெடுத்தால் தொடக்க விளிம்பு வலப்பக்கம் போய்விடும். திரை முழுவதும் ஒரு சமன்பாடுகூட மாறாமல் கண்ணாடிப் பிம்பம்போலத் திரும்பிக்கொள்ளும்.

தமிழ்ச் செயலிகளில் பாதிச் சொல்லோடு நின்று மூன்று புள்ளி வைத்திருக்கும் பொத்தானைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் வரும். தமிழ் நீளமான மொழி, என்ன செய்வது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. ஆங்கிலத்தில் 10 எழுத்துவரை உள்ள குறுஞ்சொல்லை மொழிபெயர்த்தால் இரண்டு முதல் மூன்று மடங்கு இடம் வேண்டியிருக்கலாம் என்று ஐபிஎம் நிறுவனத்தின் வழிகாட்டுதல் எப்போதோ சொல்லிவிட்டது. எக்ஸ்கோடு என்ற ஆப்பிளின் நிரலாக்கக் கருவியில், திரையிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் இரட்டிப்பாக்கிக் காட்டும் ‘போலி மொழி’ ஒன்றே இருக்கிறது. மொழிபெயர்ப்பு வருவதற்கு முன்பே எது வெட்டுப்படும் என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். பொத்தானுக்கு 100 அலகு என்று எவரோ கைப்பட எழுதி வைத்ததால்தான் பெரும்பாலும் தமிழ் வெட்டுப்படுகிறது.

கட்டுப்பாடுகளாலும் முடியாத எல்லை ஒன்று உண்டு. நம் இரண்டு பொத்தான்களும் வெட்டுப்படாமல் அருகருகே நிற்க 350 அலகு வேண்டும். 320 அலகுத் திரையில் வழியே இல்லை. ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கலாம். கண்ணாடி தேடாமல் படிக்க விரும்பும் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் அது வரம். ஆனால் அந்த அளவில் ‘மாற்றங்களைச் சேமி’ 360 அலகுத் திரையில் தனியாக நின்றாலும் ஒரே வரியில் அடங்காமல் போகலாம். பொத்தான்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, எழுத்தை இரண்டு வரியாக மடக்க வேண்டும்.

மடக்கினால் உயரம் மாறும். உயரம் எவ்வளவு என்பது எத்தனை வரி என்பதைப் பொறுத்தது. எத்தனை வரி என்பது அகலத்தைப் பொறுத்தது. அகலம் ஓர் அலகு குறைந்தால் ஒரு சொல் கீழே விழுந்து, உயரம் திடீரென ஒரு வரி அளவுக்குத் தாவும். சீராக ஏறி இறங்கும் உறவுகளை மட்டுமே கையாளத் தெரிந்த கசோவரியால் இந்தத் தாவலைச் சமன்பாடாக ஏற்க முடியாது. அதனால் வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். முதலில் அகலங்களை மட்டும் தீர்க்கிறார்கள். கிடைத்த அகலத்தை எழுத்து மென்பொருளிடம் கொடுத்தால், அது சொற்களை மடக்கிப் பார்த்து உயரத்தைச் சொல்லும். அந்த உயரம் வெறும் எண்ணாகச் சமனிலிக்குள் திரும்பி வர, இரண்டாம் சுற்றில் மேலும் கீழும் உள்ளவை தீர்க்கப்படுகின்றன. ‘மாற்றங்களைச்’ மேல் வரியிலும் ‘சேமி’ கீழ் வரியிலும் அமர, பொத்தான் உயர்ந்து, கீழே இருப்பவை எல்லாம் ஒரு வரி தள்ளி நிற்கின்றன.