பதினைந்து பெரிதா, ஏழு பெரிதா?

லண்டனில் 1946-ஆம் ஆண்டு மே மாதம் ஸ்நூக்கர் உலகப் போட்டியின் இறுதி ஆட்டம் இரண்டு வாரம் நடந்தது. மொத்தம் 145 ஃபிரேம்கள். ஒரு பக்கம் ஜோ டேவிஸ், மறுபக்கம் ஆஸ்திரேலியாவின் ஹொரேஸ் லிண்ட்ரம். 78-67 என்று ஜோ ஜெயித்தார். அது அவருடைய பதினைந்தாவது உலகப் பட்டம். 1927-ல் உலகப் போட்டி தொடங்கிய நாளிலிருந்து வேறு யாரும் அந்தப் பட்டத்தைத் தொட்டதில்லை. போருக்காகப் போட்டி நின்றுபோன ஆண்டுகளை விட்டால் ஒவ்வோர் ஆண்டும் அவர்தான். அந்த வெற்றியோடு உலகப் போட்டியில் இனி ஆடுவதில்லை என்று விலகிக்கொண்டார்.

ஸ்நூக்கரில் எக்காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரர் யார் என்று அந்த மண்டபத்தில் யாரிடமாவது கேட்டிருந்தால், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் பதில் வந்திருக்கும்.

இன்று அதே கேள்வியைப் போட்டால் பேச்சு விடிய விடிய ஓடுகிறது. ஸ்டீபன் ஹென்ட்ரிக்கு ஏழு உலகப் பட்டம், ரோனி ஓசலிவனுக்கும் ஏழு. இந்த இரண்டு ஏழுக்கும் நடுவில்தான் வழக்கு. நடுவே யாராவது பதினைந்து என்ற எண்ணை எடுத்தால், “அது வேற காலம்ங்க” என்று தள்ளிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். அப்படித் தள்ளுவது எனக்கு ஒப்பவில்லை.

தள்ளுகிறவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, மறைப்பானேன். 1927-ல் அந்தப் போட்டிக்கு வந்தவர்கள் மொத்தம் பத்துப் பேர். 1931-ல் நிலைமை இன்னும் மோசம்: ஜோ டேவிஸ், டாம் டென்னிஸ் என்று இரண்டே பேர். நாட்டிங்ஹாமில் இருவரும் ஆடினார்கள், 25-21 என்று ஜோ வென்றார், அதுவும் ஓர் உலகப் பட்டம். முதல் ஆண்டில் ஜோவின் கைக்கு வந்த பரிசு ஆறு பவுண்டு பத்து ஷில்லிங். அன்றைக்குப் பணமும் பெயரும் பில்லியர்ட்ஸில் இருந்தன. ஸ்நூக்கர் அதன் ஓரத்தில் கிடந்த பொழுதுபோக்கு. ஜபல்பூரில் 1875-ல் ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் கலந்துகட்டி உருவாக்கிய ஆட்டம் அது. நம் ஊட்டி கிளப்பில் 1882-ல் அதற்கு விதிகள் எழுதி வைத்தார்கள். இங்கிலாந்தில் அதை ஒரு பட்டப் போட்டியாக நிறுத்திக் காட்டியதே ஜோதான். நுழைவுச்சீட்டு வசூலில் ஒரு பகுதியை எடுத்து அன்று வாங்கிய வெள்ளிக் கோப்பையைத்தான் உலகச் சாம்பியன் இன்றும் தலைக்கு மேல் தூக்குகிறார்.

ஆனால் எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஜோ மேஜைக்கு முன்னால் நின்று செய்த காரியம். அவருக்கு முன்பு ஸ்நூக்கர் ஆடியவர்கள் பெரும்பாலும் ஒரு சிவப்பைப் போடுவார்கள், முடிந்தால் ஒரு வண்ணப் பந்தைப் போடுவார்கள், அப்புறம் வெள்ளைப் பந்தை எங்காவது ஒளித்துவைத்துவிட்டு எதிராளி தவறுவதற்காகக் காத்திருப்பார்கள். ஜோ அப்படிக் காத்திருக்கவில்லை. பில்லியர்ட்ஸில் வெள்ளைப் பந்தைக் கட்டி மேய்க்கக் கற்ற கை அவருடையது. ஒரு சிவப்பைப் போடும்போதே வெள்ளை அடுத்து எங்கே போய் நிற்க வேண்டும், அங்கிருந்து கருப்பு, கருப்பிலிருந்து எந்தச் சிவப்பு என்று கணக்குப் போட்டு, கருப்புப் பந்தைச் சுற்றியே ஆட்டத்தை ஓட்டினார். ஒரே வருகையில் தொடர்ந்து புள்ளி சேர்ப்பதை, இன்று பிரேக் என்று நாம் பார்க்கிறோமே, அவை எல்லாவற்றுக்கும் அடித்தளம் அதுதான். 1955 ஜனவரியில், 53 வயதில், லெஸ்டர் ஸ்கொயர் ஹாலில் வில்லி ஸ்மித்துக்கு எதிராக, ஒரு பிரேக்கின் உச்சமான 147-ஐ அடித்தார். அங்கீகாரம் பெற்ற முதல் 147 அது. ஆட்டத்தை நிர்வகித்த சங்கம் அதை ஏற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆனது.

கேரம் ஆடியவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லாமலே புரியும். பவுடர் தூவி வழவழவென்று இருக்கும் போர்டில் ஆடுவது வேறு, மழைக்காலத்தில் ஈரம் ஏறி இழுக்கிற போர்டில் ஆடுவது வேறு. காய் அதே காய், கை அதே கை, ஆனால் ஆட்டம் வேறு. ஸ்நூக்கரிலும் அப்படியே. அன்றைய துணி தடித்தது, பந்து அதன் மேல் சோம்பலாக உருளும். மேஜையின் கோடியில் ஒட்டிக் கிடக்கும் சிவப்புகளை உடைக்க வேண்டுமென்றால் கியூவில் முழு வேகமும் வேண்டும், அந்த வேகத்தில் குறி தப்பும். இன்று போட்டிக்கான துணி மெல்லியது. ஆட்டத்துக்கு முன் பிரஷ் போட்டு, வேட்டிக்குப் போடுவதைப் போல இஸ்திரியும் போட்டு வைக்கிறார்கள். கற்பலகை ஈரம் ஏறாமலிருக்க அடியிலிருந்து சூடும் காட்டுகிறார்கள். தொட்டால் ஓடுகிறது வெள்ளைப் பந்து. அதிகாரபூர்வமான 147-களின் எண்ணிக்கை 200-ஐத் தாண்டிவிட்டது. அதனால், ஜோ இத்தனை செஞ்சுரிதானே அடித்தார் என்று இன்றைய எண்ணை அன்றைய தோளில் ஏற்றுகிறவர்களோடு என்னால் சேர முடியாது.

துணியைவிட ஒருபடி மேலாக வழக்கை மாற்றியது தொலைக்காட்சி. அதுவரை ஒரு பெரிய ஆட்டக்காரரைப் பார்த்தவர்கள் மண்டபத்தில் உட்கார்ந்திருந்த சில நூறு பேர்தான், மற்றவர்களுக்குப் பத்திரிகைச் செய்திதான் கதி. 1969-ல் பிபிசி 2, புதிதாக வந்த வண்ண ஒளிபரப்பைக் காட்டுவதற்குத் தோதான ஆட்டம் என்று ஸ்நூக்கரைப் பிடித்து ‘பாட் பிளாக்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. அப்போது அந்த அலைவரிசையின் பொறுப்பில் இருந்தவர் டேவிட் அட்டன்பரோ. 1977-ல் உலகப் போட்டி ஷெஃபீல்டின் க்ரூசிபிள் அரங்கத்துக்குக் குடிபோனது. 1985 இறுதி ஆட்டம் நள்ளிரவைத் தாண்டி, கடைசி ஃபிரேமின் கடைசிக் கருப்புப் பந்து வரைக்கும் போனபோது பிரிட்டனில் 1 கோடியே 85 லட்சம் பேர் விழித்திருந்தார்கள். டென்னிஸ் டெய்லர் கருப்பைப் போட்டார், ஸ்டீவ் டேவிஸ் தோற்றார். ஸ்டீவ் ஆறு முறை உலகச் சாம்பியன். ஆனாலும் மக்கள் அதிகம் பேசுவது அவர் தோற்ற அந்த ராத்திரியைத்தான்.

பார்க்கிறவர்கள் பெருகியதும் மகத்துவத்துக்கு இன்னொரு அளவுகோல் வந்து சேர்ந்தது: மனதைக் கவர்ந்தது யார்? அலெக்ஸ் ஹிக்கின்ஸ் வாங்கியது இரண்டே பட்டம், 1972-லும் 1982-லும். ஆறு பட்டம் வாங்கிய ஸ்டீவைவிட அவருக்குத்தான் கூட்டம் கைதட்டியது. அவருக்குப் பின்னால் ஜிம்மி வைட் வந்தார். ஆறு இறுதி ஆட்டம் ஆடினார், ஆறிலும் தோல்வி.

அதில் கடைசித் தோல்வியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 1994 மே 2. அன்று ஜிம்மிக்கு 32-வது பிறந்தநாள். ஹென்ட்ரி குளியலறையில் வழுக்கி விழுந்து, இடக்கையில் எலும்பு விரிசலோடு அந்தப் போட்டியை ஆடிக்கொண்டிருந்தார். 17-17, கடைசி ஃபிரேம். ஜிம்மியின் கையில் மேஜை, பந்துகள் திறந்து கிடக்கின்றன, தன் இடத்தில் நிற்கிற ஒரு சாதாரணக் கருப்பு. தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் போடக்கூடிய அந்தப் பந்து விளிம்பில் பட்டு வெளியே வந்தது. ஹென்ட்ரி எழுந்து வந்தார். அவசரமும் இல்லை, முகத்தில் ஒரு சலனமும் இல்லை. 58 அடித்து முடித்தார். ஜிம்மியை நான் உயிராக ரசிக்கிறேன், ஆனாலும் எக்காலத்துக்கும் பெரியவர் என்ற பேச்சில் அவர் பெயரை என்னால் வைக்க முடியவில்லை. அழகு மட்டும் போதாது என்பதற்கு அந்த ஒரு கருப்பே சாட்சி.

ஹென்ட்ரிக்கு இருபத்தொரு வயதில் முதல் உலகப் பட்டம். 1992 முதல் 1996 வரை தொடர்ந்து ஐந்து. அவர் செய்த மாற்றம் ஒரே அடியில் தெரியும். சிவப்புகள் இன்னும் கொத்தாகக் கிடக்கும்போது, நீலப் பந்தை வேகமாகப் பாக்கெட்டில் அடித்து, அந்த வேகத்திலேயே வெள்ளையைக் கொண்டுபோய்க் கொத்தின் மேல் மோதுவார். பந்துகள் சிதறும், அதோடு அந்த ஃபிரேம் கைக்கு வந்துவிடும். அவருக்கு முந்தியவர்கள் அப்படிச் செய்யத் தயங்கி, ஓரத்தில் உள்ள சிவப்புகளைப் பொறுக்கி எடுத்து, முப்பது நாற்பது சேர்த்துவிட்டு, எதிராளிக்கு வாய்ப்புத் தராமல் வெள்ளையை ஒளித்துவைக்கும் சேஃப்டிக்குத் திரும்புவார்கள். ஒரே வருகையில் ஃபிரேமை முடிப்பது அபூர்வத் திறமை என்ற நிலை போய், அதுதான் வேலை என்று ஆக்கியவர் ஹென்ட்ரி. இன்று தாய்லாந்திலும் சீனாவிலும் பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஆடுவது அந்த ஆட்டத்தைத்தான். உச்சம் என்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் 1990-களின் ஹென்ட்ரிக்கு மேல் நான் யாரையும் வைக்க மாட்டேன்.

ஆனால் பட்டியலின் தலையில் நான் எழுதுவது ரோனியின் பெயரை. ஹென்ட்ரியே அவரைத்தான் சொல்கிறார். 1997-ல் க்ரூசிபிளில் ரோனி அடித்த 147-க்கு முதலில் 5 நிமிடம் 20 நொடி என்று குறித்தார்கள், பிறகு திருத்தி அளந்தபோது 5 நிமிடம் 8 நொடி. முப்பத்தாறு பந்துகள். ஒரு பந்துக்கு ஒன்பது நொடிகூட இல்லை, மேஜையைச் சுற்றி நடப்பதும், நடுவர் கருப்பை எடுத்து இடத்தில் வைப்பதும் அதற்குள் அடக்கம். அந்த ஆட்டத்தை இன்று யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் பார்க்கலாம், பார்க்கிறார்கள். இளைஞர்கள் அவரைத் தேர்ந்தெடுப்பதற்கு அந்த வேகம் காரணம். என் காரணம் வேறு. 1993-ல், பதினெட்டு நிறைய ஒரு வாரம் இருக்கும்போது, ஹென்ட்ரியைத் தோற்கடித்து யுகே சாம்பியன்ஷிப்பை வென்றவர், முப்பது வருடம் கழித்து 2023-ல் நாற்பத்தேழு வயதில் அதே கோப்பையை எட்டாவது முறையாக வென்றார். இடையில் எத்தனை பேர் வந்துபோனார்கள். அவரோடு 1992-ல் தொழில்முறைக்கு வந்த ஜான் ஹிக்கின்ஸும் மார்க் வில்லியம்ஸும் இருந்தார்கள், பிறகு மார்க் செல்பி, பிறகு ஜட் ட்ரம்ப். 2022 உலக இறுதி ஆட்டத்தில் நாற்பத்தாறு வயது ரோனி, ட்ரம்பை 18-13 என்று வென்றுவிட்டு அவரைக் கட்டிப்பிடித்து அழுதபடி வெகுநேரம் விடாமல் நின்றார். பத்துப் பேர் மட்டும் ஆடிய காலத்து வெற்றிக்கும், உலகமே ஆடுகிற காலத்தில் மூன்று தலைமுறையைத் தாண்டிய வெற்றிக்கும் வித்தியாசம் உண்டு. அதை ஒப்புக்கொண்டுதான் ரோனியை மேலே வைக்கிறேன்.

நான் மறுப்பது, ஒரு காலத்தை இன்னொரு காலத்திலிருந்து வெட்டியெடுத்துத் தராசில் வைப்பதை. ஒவ்வொரு காலமும் முந்தைய காலத்திடம் கற்றதுதான். ஸ்டீவ் டேவிஸுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அப்பா. அப்பா கையில் இருந்தது ஜோ டேவிஸ் எழுதிய ஒரு புத்தகம். பிள்ளையை எப்படி நிற்க வைப்பது, கியூவை எப்படிப் பிடிக்க வைப்பது என்று அதைப் பார்த்துத்தான் செய்தார்.

1978-ல் க்ரூசிபிளின் அரையிறுதியில் ஜோவின் தம்பி ஃபிரெட் டேவிஸ் ஆடினார். எட்டுப் பட்டம் வாங்கிய அவருக்கு அப்போது 64 வயது. சலுகைப் புள்ளி எதுவும் இல்லாமல் சரிசமமாக நின்று ஆடியதில் ஜோவைத் தோற்கடித்த ஒரே மனிதர் அந்தத் தம்பிதான். தம்பி ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஜோவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. ஃபிரெட் 16-18 என்று தோற்றார். ஜோ அந்த ஜூலையில் காலமானார். அந்த வருடப் பட்டத்தை வென்றவர், ஒரு காலத்தில் சுரங்கத் தொழிலாளியாகவும் பிறகு போலீஸ்காரராகவும் இருந்த வேல்ஸ் நாட்டு ரே ரியர்டன். அவருக்கு அது ஆறாவது.

இருபத்தாறு வருடம் கழித்து, 2004-ல், ரோனி சேஃப்டி ஆட்டம் சரியாக வரவில்லை என்று ஒருவரைத் தேடிப் போனார். எழுபத்தொரு வயது ரியர்டன். வெள்ளைப் பந்தை எங்கே ஒளித்துவைப்பது, எப்போது அடிக்காமல் விடுவது என்று பழைய வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். அந்த வருட உலகப் போட்டியின் அரையிறுதியில் ரோனிக்கு எதிரே நின்றவர் ஹென்ட்ரி. 17-4 என்று ரோனி ஜெயித்தார். ரியர்டன் அரங்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.