ஈறும் இதயமும்

ஊரிகத்தை அடுத்த சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. 2001ஆம் ஆண்டு தங்கவயல் சுரங்கங்கள் மூடப்படும் வரை, தமிழகத்திலிருந்து வந்து குடியேறியோர் பலர் அவற்றில் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். அவர்கள் பெரிதும் அஞ்சிய இடர்களுள் ஒன்று பாறை வெடிப்பு. நெடுங்காலம் அழுத்தம் தாங்கி நின்ற பாறை, ஒரு நொடியில் சிதறிச் சுரங்கவழியை அடைத்துவிடும்.

நம் உடலின் தமனிகளிலும் இதையொத்த ஒன்று நிகழ்கிறது. அவற்றின் சுவரில் கொழுப்பும் வெள்ளணுக்களும் பல ஆண்டுகளாகப் படிகின்றன. அப்படிவு திடீரென வெடித்தால், அவ்விடத்தில் குருதி உறைந்து வழி அடைபடும். அடைபட்டது இதயத் தமனியாயின் மாரடைப்பு உண்டாகும்.

இதற்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு? 1683ஆம் ஆண்டில், ஆலந்து நாட்டுத் துணி வணிகரான லீவன்ஹூக் தம் பல்லிடுக்கில் சுரண்டியெடுத்த வெண்பொருளை உருப்பெருக்கியில் நோக்கினார். அதில் எண்ணற்ற சிற்றுயிர்கள் நெளியக் கண்டார். அவையே பாக்டீரியாக்கள். அவை பல்லின்மேல் படலமாய்ப் படர்கின்றன. அகற்றாவிடில் அப்படலம் காறையாக இறுகுகிறது. ஈறு வீங்கிப் புண்ணாகிறது. அப்புண் வழியே பாக்டீரியாக்கள் குருதியில் கலக்கின்றன. அவற்றை எதிர்த்து உடல் ஓயாது போரிடுவதால் எழும் அழற்சி, தமனிச் சுவரையும் தாக்கக்கூடும் என்பது அறிஞர் கருத்து.

1989இல் பின்லாந்து மருத்துவர்கள், மாரடைப்பு வந்தோரின் பற்கள் பிறருடையவற்றைவிடக் கேடுற்றிருந்ததைக் கண்டனர். பின்னர், தமனிகளிலிருந்து எடுக்கப்பட்ட படிவுகளில் ஈறுநோய்ப் பாக்டீரியாக்களின் மரபுப்பொருளும் காணப்பட்டது.

எனினும், ஈறுநோயே மாரடைப்பைத் தருகிறது என்று உடனே முடிவு கட்டலாகாது. புகைபிடித்தல் ஈறையும் கெடுக்கும், தமனியையும் கெடுக்கும்; நீரிழிவும் அவ்வாறே. ஒரே வேரிலிருந்து இரு நோய்களும் கிளைத்திருக்கலாம் அல்லவா? அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் இதையெல்லாம் ஆராய்ந்து, இரண்டுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று அறிவித்தது.

பல் துலக்கும்போது ஈறில் குருதி கசிந்தால், சிலர் அஞ்சி அவ்விடத்தை மட்டும் விட்டுவிடுகின்றனர். படலம் அங்கேதான் மேலும் தடிக்கும். மென்மையான தூரிகையால் அவ்விடத்தையும் துலக்குதல் வேண்டும். புகைபிடிப்போர்க்கோ நோய் முற்றியும் குருதி மிகுதியாகக் கசிவதில்லை. ஆகவே அவர்கள் தம் ஈறு நலமாய் உள்ளதென்று நம்பிவிடுகின்றனர். இறுகிய காறையைத் தூரிகையாலோ வேப்பங்குச்சியாலோ அகற்ற இயலாது. அதைப் பல் மருத்துவரே அகற்றுவார்.