எதற்கு ரத்தம்? சொல்லவே இல்லை!

1986, சென்னை. மயிலாப்பூர் காப்பகத்துக்குப் போனார் மருத்துவ மாணவி நிர்மலா. அங்கே காவலில் இருந்த விலைமாதர்களிடம் ரத்தம் எடுத்தார். பேராசிரியை சுனிதி சாலமன் சொன்ன ஆராய்ச்சி. சாம்பிளை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, ராத்திரி ரயிலில் வேலூருக்குக் கொண்டு போனார். ஆறு பேருக்கு எச்.ஐ.வி.! இந்தியாவில் அதுவே முதல் முறை.

என்ன சோதனை என்று அந்தப் பெண்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. காவலில் இருப்பவர் எப்படிக் கேட்பார்?

இன்று அது நடக்காது. 2017 எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கியே சோதிக்க வேண்டும். சட்டம் சென்னைக்கும் ஒன்றுதான், கீழவாஞ்சூருக்கும் ஒன்றுதான். 2019ல் எம்.பி.பி.எஸ். படிப்பிலேயே நெறிமுறைப் பாடமும் வந்துவிட்டது.

ஆராய்ச்சி என்றால் கெடுபிடி அதிகம். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் வெறும் கைநாட்டு செல்லாது. சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.