புது கம்ப்யூட்டருக்கு தனியா ஆன்டிவைரஸ் வாங்கணுமா?

புது கம்ப்யூட்டர் வாங்கிய கொஞ்ச நாளிலேயே ‘சந்தா முடிகிறது, பணம் கட்டுங்கள்’ என்று திரை ஓரத்தில் அறிவிப்பு எட்டிப் பார்க்கும். பயந்துபோய் கார்டு நம்பரைத் தட்ட வேண்டாம். பெரும்பாலும் அது கம்ப்யூட்டருடனேயே வந்த ட்ரையல் ஆன்டிவைரஸ்தான்.

விண்டோஸ் 11-லேயே மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் இலவசமாக இருக்கிறது. சாதாரண வீட்டு உபயோகத்துக்கு அதுவே போதும். பணம் கேட்டு நச்சரிக்காது. வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிவிடும். ட்ரையலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தால் மறுபடி வேலைக்கு வந்துவிடும். ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து பச்சை டிக் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால்? கம்ப்யூட்டர்தான் திணறும்.

பிரவுசரில் ‘வைரஸ் புகுந்துவிட்டது, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க’ என்று வந்தால் அது மோசடி. கூப்பிடாமல் பிரவுசரை மூடிவிட வேண்டும். ஏற்கெனவே பணம் போயிருந்தால், 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணில் உடனே புகார் கொடுக்கலாம்.