தாங்கி இறங்கும்போது: மலைச்சரிவு வீடுகளும் துணியவியலாத் தொடர்வளைகளும்

மலையகத் தோட்டங்களில் லயன் அறைகளுக்கு மாற்றாகத் தனிவீடு கட்டச் சரிவை வெட்டிச் சமப்படுத்துகையில், வெட்டிய மண் கீழ்ப்புறத்தில் நிரப்பப்படுவதுண்டு. அப்போது வீட்டின் ஒரு பாதி இயற்கைத் தரையிலும் மறுபாதி நிரப்பு மண்ணிலும் நிற்கின்றது. ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளின் தொடர்மழையில் இரண்டும் ஒரே அளவு இறங்குவதில்லை. சுவர்களைத் தாங்கும் அடித்தள வளையில் அப்போது நிகழ்வது யாது?

இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்ட வளையின் மறுதாக்கங்களைச் சமநிலைச் சமன்பாடுகளே தந்துவிடும். நடுவில் மூன்றாவது தாங்கி வந்ததும் அவை போதா. அறியாக் கணியங்கள் மூன்று, பயன்படும் சமன்பாடுகள் இரண்டு. எஞ்சிய நிபந்தனையை வளையின் உருத்திரிபிலிருந்தே பெறவேண்டும். கிளாப்பெயிரோன் 1857இல் வெளியிட்ட மூன்று திருப்பத் தேற்றமும், ஹார்டி குரொஸ் 1930இல் வெளியிட்ட திருப்பப் பங்கீட்டு முறையும், இன்றைய கணினித் தாயமுறையும் இதற்கான வழிகளே. எவ்வழியாயினும், தாங்கி அசையாதென எடுத்துக்கொண்டால் விடையும் அவ்வெடுகோள் அளவிலேயே மெய்யாகும்.

ஒவ்வொன்றும் 3 மீற்றரான இரு இடைவெளிகளுடைய கொங்கிறீற்று வளையைக் கொள்வோம். அகலம் 200, ஆழம் 300 மில்லிமீற்றர். யங்கின் மட்டு 20 கிகாபஸ்கால். சுமை மீற்றருக்கு 10 கிலோநியூற்றன். தாங்கிகள் அசையாதபோது நடுத்தாங்கியின்மேல் திருப்பம் 11.25 கிலோநியூற்றன் மீற்றர்; இழுவை மேற்புறத்தில். நடுத்தாங்கி வெறும் 3.75 மில்லிமீற்றர் இறங்கினால் அத்திருப்பம் பூச்சியமாகிறது. 8 மில்லிமீற்றர் இறங்கினால் 12.75 ஆகி, இழுவை கீழ்ப்புறத்துக்கு மாறுகிறது. 18.75 மில்லிமீற்றரில் தாங்கி எதையும் தாங்குவதில்லை. வளை 6 மீற்றர்த் தனிவளையாகி 45 கிலோநியூற்றன் மீற்றரைச் சுமக்கிறது. கொங்கிறீற்று வெடிக்கும்போது விறைப்புக் குறைவதால் இடைநிலை எண்கள் சற்று மாறும். திசைமாற்றம் மாறாது.

மேற்புறத்தில் மட்டும் உருக்குக் கம்பியிட்டுக் கீழ்க்கம்பியை நடுத்தாங்கியில் வெட்டி நிறுத்திய வளைக்கு இதுவே ஆபத்து. இரு தனிவளைகளாக அமைத்திருந்தால் இறக்கத்தால் மேலதிகத் திருப்பம் தோன்றாது; மேலுள்ள சுவர்தான் வெடிக்கும்.

2014இல் மீரியபெத்தையில் நேர்ந்த மண்சரிவின் பின் சரிவின் உறுதி பற்றிப் பலரும் பேசினர். அது நியாயமே. ஆனால் மலை சரியாத இடத்திலும் சில மில்லிமீற்றர் இறக்கம் வீட்டைப் பிளக்கும். சமதரைக்கென வரைந்த படத்தைச் சரிவுக்கும் கொடுப்பவர் பிழையான கணக்கையே கொடுக்கிறார். அத்திவாரங்கள் யாவும் நிரப்பு மண்ணைக் கடந்து இயற்கைத் தரையைத் தொடவேண்டும். மேற்சரிவு நீருக்குக் கான் வேண்டும். கீழ்க்கம்பி நடுத்தாங்கியின் ஊடாகத் தொடரவேண்டும். இவற்றுள் மூன்றாவதற்கு ஆகும் மேலதிகச் செலவு சில அடிக் கம்பி மட்டுமே.